விட்டுக்கொடுத்த ஓட்டம்

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுங்களா டீச்சர்? ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியாச்சு, இனி வளைவு ஆரம்பிச்சுரும். அந்தப் பக்கம் பள்ளத்தைப் பார்த்தா எனக்குக் கண்ணை மூடிக்கத் தோணும். கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்த ரோட்டுலதான் போறேன், வர்றேன். இன்னும் பழகல. எங்க வீட்டுக்காரர் மேல தேயிலை எஸ்டேட்ல சூப்பர்வைசர், அவர் சிரிப்பார். நான் எதுக்கெடுத்தாலும் பயப்படுறவளாம். ஒத்தைப் பிள்ளையை வச்சிருக்கிறவ பயப்படாம எப்படிங்க இருப்பா?

நீங்க டீச்சர்னு எப்படித் தெரியும்னு பார்க்கிறீங்களா? பொள்ளாச்சி ஸ்டாண்டுல கண்டக்டர்கிட்ட ஸ்கூல் பேரைச் சொல்லி எங்க எறங்கணும்னு கேட்டீங்கல்ல, அப்பவே வந்து இந்தப் பக்கத்து சீட்டைப் பிடிச்சுட்டேன். அது என் மக படிக்கிற ஸ்கூல். ரெண்டாம் வகுப்பு. லில்லி டீச்சர் மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாங்க, அந்த இடத்துக்குத்தான் நீங்க வர்றீங்க. நல்லதாப் போச்சு. மத்தவங்க சொல்லிக் கேக்கிறதுக்கு முன்னால நானே சொல்லிடறது நல்லது. ஏன்னா அங்க போனதும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. சூப்பர்வைசர் பொண்டாட்டி அன்னைக்கு அப்படிப் பண்ணினா, இப்படிப் பண்ணினான்னு சொல்லுவாங்க. அதெல்லாம் நம்பாதீங்க.

என் மக பேரு நேத்ரா. நான் பெருமைக்குச் சொல்லல, எனக்குப் பெருமை பேசறதே பிடிக்காது. ஆனா உள்ளதைச் சொல்லணும்ல. எல்கேஜியில இருந்து அவதான் ஃபர்ஸ்ட். படிப்பு, கையெழுத்து, டான்ஸ், மாறுவேஷப் போட்டி எல்லாத்துலயும். வீட்டுல ஷோகேஸ்ல கப்பு வைக்க இடமில்ல, டிவி மேல வச்சிருக்கேன். ஒரு தடவை செகண்ட் வந்துட்டா. சோறு திங்காம அழுதா. நான் சொன்னேன், அழாத கண்ணு, டீச்சர் தப்பாத் திருத்தியிருப்பாங்கன்னு. போய்க் கேட்டா, அரை மார்க் தப்பாத்தான் இருந்துச்சு. அம்மான்னா கேக்கணும்ல.

அதுல லில்லி டீச்சருக்கு என்மேல கோவம்னு நினைக்கிறேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. "நேத்ராகூட யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க"ன்னு சொன்னாங்க. பொறாமை டீச்சர்னு சொன்னேன். அவங்க சிரிக்கல. "யாராவது திக்கித் திக்கி வாசிச்சா அவ சிரிக்கிறா. யாராவது நல்லா வரைஞ்சா, என்னுது இதைவிட நல்லா இருக்கும்னு சொல்றா. கூட இருக்கிறது ஒரு பூமணி மட்டும்தான். அவளையும் பின்னாலயே நடக்க வைக்கிறா. சின்னப் பிள்ளைங்க, இப்பவே சொல்லிக் கொடுத்தாத்தான் உண்டு. கொஞ்சம் பணிவு வேணும்மா. இல்லேன்னா அவளுக்கு ஃபிரண்டுன்னு ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க"ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பயம். நாளைக்கு இந்தப் பிள்ளை பெரிய காலேஜுக்குப் போய் யாருமில்லாம தனியா நிக்குமோன்னு. அப்புறம் நினைச்சேன், பணிவுதானே, அதையும் சொல்லிக் கொடுத்துட்டாப் போச்சு. நான் ஒரு வேலையை எடுத்தா அரைகுறையா விடமாட்டேன் டீச்சர்.

அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். காலையில பால் குடிக்கிறதுக்கு முன்னால "நான் பெரிய ஆள் இல்லை"ன்னு சொல்லணும். சத்தமா, தெளிவா. முணுமுணுத்தா மறுபடி சொல்லச் சொல்லுவேன். அப்புறம் எதுலயும் பூமணிக்கு விட்டுக் கொடுக்கணும். பிஸ்கட்டை உடைச்சா பெரிய பாதி அவளுக்கு. விளையாட்டுல அவ தோத்துட்டே இருந்தா, ஒரு ஆட்டம் நீ தோத்துக் கொடு. ஏன்னும் விளக்கிச் சொன்னேன். "அவங்கப்பா உங்கப்பாவுக்குக் கீழ வேலை பார்க்கிறவர். நாம மேல இருக்கோம். மேல இருக்கிறவங்கதான் எறங்கி வரணும். அதுதான் பணிவு." குழந்தைக்குப் புரியற மாதிரி சொல்லணும்ல.

நம்ப மாட்டீங்க, ஒரே வாரத்துல பிடிச்சுக்கிட்டா. ஃபேக்டரி ஆபீசர் வீட்டம்மா ஒருநாள் வந்திருந்தாங்க. கப்பெல்லாம் யாருதுன்னு கேட்டாங்க. இவ எழுந்து நின்னு கையைக் கட்டிக்கிட்டு, "என்னுதுதான் ஆன்ட்டி, ஆனா எனக்குப் பெருமையே கிடையாது"ன்னு சொல்லுச்சு. அந்தம்மா அசந்து போயிட்டாங்க. சத்தியமாச் சொல்றேன், பணிவுலயும் அந்த கிளாஸ்ல அவதான் ஃபர்ஸ்ட்.

வாந்தி வர்ற மாதிரி இருந்தாச் சொல்லுங்க, எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன். வெளிய பார்க்காதீங்க, என்னையே பாருங்க.

பூமணி யாருன்னு சொல்லணும்ல. எங்க எஸ்டேட்ல இப்ப கொழுந்து எடுக்கிறவங்க பாதிப் பேர் ஜார்கண்ட்காரங்க. நம்ம ஆளுங்க பிள்ளைங்க எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் எறங்கிப் போயிட்டாங்க. பூமணியோட நிஜப்பேரு ஃபூல்மணி. நம்ம வாயில பூமணின்னு ஆயிருச்சு. அவங்கம்மா சோமாரி. நல்ல பொம்பளை, வேலையில சுத்தம். என்னை அம்மான்னுதான் கூப்பிடும். பூமணி கைக்குழந்தையா வந்தது, தமிழ் நம்மளை மாதிரியே பேசும். ஒல்லியா, முட்டி ரெண்டும் தேய்ஞ்சு, எப்பப் பார்த்தாலும் ஓடிட்டே இருக்கும். நேத்ராவோட பழைய கவுனெல்லாம் அதுக்குத்தான் கொடுப்பேன். நான் வித்தியாசம் பார்க்கிறவ இல்ல.

அது நடந்தது ஐப்பசி மாசம். அங்க ஐப்பசின்னா உங்க ஊர் மாதிரி இல்ல டீச்சர். மதியம் தாண்டினா பனிமூட்டம் எறங்கிரும், கையை நீட்டினா விரல் தெரியாது. அந்த மாசம் எடை போடுற ஷெட்டுக்குப் பக்கத்துல ரெண்டு நாயைப் புலி தூக்கிருச்சு. சிறுத்தைதான், நாங்க புலின்னுதான் சொல்லுவோம். ஃபாரஸ்ட்காரங்க வந்து போர்டு வச்சுட்டுப் போனாங்க. அதுக்கு முன்னால எஸ்டேட்ல வேற ஒரு டிவிஷன்ல, தொழிலாளிங்க இருக்கிற லைன் வீட்டு வாசல்ல விளையாடிட்டு இருந்த ஒரு பச்சைப் பிள்ளையை... வேண்டாம். அதை நான் வாயால சொல்ல மாட்டேன். நீங்க புதுசா வர்றீங்க.

அன்னைக்கு ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைங்களை ஓட விட்டுப் பார்த்திருக்காங்க. பூமணி ஃபர்ஸ்ட், நேத்ரா செகண்ட். இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது, பின்னால தெரிஞ்சதுதான். நேத்ரா எல்லார்கிட்டயும் போய், "நான்தான் விட்டுக் கொடுத்தேன். எங்கம்மா விட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க"ன்னு சொல்லியிருக்கா. பூமணியைக் கூப்பிட்டு, "தேங்க்ஸ் சொல்லு"ன்னும் கேட்டிருக்கா. நான் சொன்னதை அப்படியே செஞ்சிருக்கா பாருங்க. பூமணி, "நீ விடல, நான் ஓடினேன்"னு சொல்லியிருக்கு.

ஸ்கூல் ஜீப் பிள்ளைங்களை ரோட்டு முக்குல எறக்கி விட்டுட்டுப் போயிரும். அங்கிருந்து எங்க குவார்ட்டர்ஸ் கூப்பிடு தூரம், அதைத் தாண்டி கீழ லைன் வீடு. ரெண்டு பிள்ளைங்களும் சேர்ந்துதான் வருவாங்க. நேத்ராவை நான் வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டதும், பூமணி வாசல் தாண்டிக் கீழ எறங்கிப் போயிரும். தினமும் அதுதான் வழக்கம்.

அன்னைக்கு நேத்ரா மட்டும் வந்தா.

பூமணி எங்கன்னு கேட்டேன். "போயிட்டா"ன்னா. ஷூவைக் கழட்டினா, பன்னு தின்னா, வீட்டுப்பாடம் எழுதினா. நானும் வேற ஜீப்புல போயிருக்கும்னு விட்டுட்டேன். எல்லாரும் பின்னால என்னைக் கேட்டாங்க, உங்களுக்குச் சந்தேகம் வரலையான்னு. அடுப்புல பருப்பு இருந்துச்சு டீச்சர். எப்படி வரும்?

ஃபேக்டரி சங்கு ஊதி, ஆளுங்க தேயிலைக் காட்டுல இருந்து எறங்கிப் போற சத்தம் எல்லாம் கேட்டு அடங்கிருச்சு. வெளிய பனி வெள்ளைத் துணி கட்டின மாதிரி. அப்பதான் கதவைத் தட்டுச்சு சோமாரி. நனைஞ்சு போய், கொழுந்து எடுக்கும்போது தலையில போட்டுக்கிற கொங்காணிச் சாக்கைக்கூட எடுக்காம நிக்குது. "அம்மா, பூமணி இங்க இருக்கா?"

நான் நேத்ராவைப் பார்த்தேன். அவ பென்சிலைக் கீழ வச்சா. அந்த முகத்தை நான் அதுக்கு முன்னாலயும் பார்த்ததில்ல, பின்னாலயும் பார்த்ததில்ல. உதடெல்லாம் வெளுத்துப் போச்சு.

இங்க இல்லையேன்னு சொன்னேன்.  சோமாரி வாசல்படியில அப்படியே உட்கார்ந்துருச்சு. அப்புறம் எங்க வீட்டுக்காரர் வந்தார், லைன் வீட்டு ஆளுங்க வந்தாங்க, வாட்ச்மேன் வந்தார். டார்ச், தகரம், வெடி. பூமணியோட அப்பா கையில வெட்டுக்கத்தி. ஜீப் மேல் ரோடு வழியா வருது, பிள்ளை அங்கதான் எறங்கி வழி தப்பியிருக்கும்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் மேல் காட்டுப் பக்கம் கிளம்பினாங்க.

அந்த நேரத்துலதான் நேத்ரா என் சேலையைப் பிடிச்சு இழுத்து, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். சோமாரி அத்தைகிட்ட சொல்லணும்"னா.

நான் அவ வாயைப் பொத்தினேன்.

அதைத்தான் ஊரே சொல்லும். வாயைப் பொத்திட்டு உள்ள இழுத்துட்டுப் போனான்னு. ஆமா, பொத்தினேன். அத்தனை பேர் கத்தியும் கம்புமா நிக்கிறாங்க, பிள்ளையைக் காணோம்னு வெறி பிடிச்சு நிக்கிறாங்க, அந்த நேரத்துல என் பிள்ளை ஏதாவது சொல்லி, பழி முழுக்க இவ தலையில விழுந்தா? எங்க வீட்டுக்காரர் வேலை என்னாகும்? யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பாங்க. நீங்களும் பண்ணியிருப்பீங்க.

உள்ள ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். மெதுவாச் சொல்லு, என்னாச்சுன்னு.

ஜீப்பை விட்டு எறங்கினதும் இவதான் சொல்லியிருக்கா, மறுபடி ஓடலாம், இப்ப நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்னு. பையைக் கீழ போட்டுட்டு முக்குல இருந்து பாலம் வரைக்கும் ஓடியிருக்காங்க. மறுபடியும் பூமணிதான் ஜெயிச்சிருக்கு. இவளுக்கு முன்னாலயே போய் நின்னுக்கிட்டு, "இப்ப?"ன்னு கேட்டிருக்கு. இவ சொல்லியிருக்கா: "உங்கப்பா எங்கப்பாவுக்குக் கீழ. நீ எனக்குக் கீழ. நீ ஜெயிக்கவே கூடாது. நான் விட்டாத்தான் நீ ஜெயிக்கணும்."

எங்கதான் கத்துக்கிச்சோ. பிள்ளைங்க எங்கிருந்தோ பொறுக்கிட்டு வந்துருது டீச்சர். நம்ம வீட்டுல அப்படிப் பேசறவங்க யாரும் இல்ல.

 பூமணி பையைக்கூட எடுக்காம தேயிலைக்குள்ள எறங்கி ஓடிருச்சாம். எந்தப் பக்கம்னு கேட்டேன். ஓடைப் பக்கம்னா. "பம்ப் ரூமுக்குத்தாம்மா போயிருப்பா. நாங்க அங்கதான் வீடு வச்சிருக்கோம்."

ஓடைக்கரையில ஒரு பழைய பம்ப் ரூம் இருக்கு. மோட்டாரை எல்லாம் எடுத்துட்டாங்க, தகரக் கதவு மட்டும் இருக்கு. அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அங்க போய் இதுங்க ரெண்டும் சிரட்டையில சோறாக்கி விளையாடிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் பக்கம் ஓடை. அந்தப் பக்கம் மேல் காடு. ஆளுங்க தகரம் தட்டுற சத்தம் மேல, மேலன்னு தள்ளிப் போயிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டேன், டவர் இல்ல. மறுபடி போட்டேன். மறுபடி போட்டேன். அவர்கிட்ட மட்டும் ரகசியமாச் சொல்லிட்டா போதும், யாருக்கும் தெரியாம அவர் ஆளுங்களைத் திருப்பிருவார்னு என் கணக்கு. போன் போகவே இல்ல. தகரச் சத்தம் தேஞ்சு தேஞ்சு, கடைசியில பனிக்குள்ள அமுங்கிப் போச்சு. அந்த அமைதியில எனக்கு என் காதுக்குள்ள ரத்தம் ஓடற சத்தம் கேட்டுச்சு டீச்சர்.  கட்டில்ல உட்கார்ந்தவ எந்திரிக்க முடியல.

"அம்மா, அவளுக்கு இருட்டுன்னா பயம்மா"ன்னு நேத்ரா சொன்னா.

சும்மா இருடின்னேன்.

மறுபடி நம்பரை அமுக்கிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், ரூம்ல பிள்ளை இல்ல.

வாசலுக்கு ஓடினேன். படியில சோமாரி உட்கார்ந்திருக்கு, சுத்தி லைன் வீட்டுப் பொம்பளைங்க நிக்கிறாங்க. எல்லார் முன்னாலயும் என் மக நிக்கிறா. ஷூ இல்ல, ஸ்வெட்டர் இல்ல. கையைக் கட்டிக்கல. கை ரெண்டும் சும்மா தொங்குது. சொல்றா: "அத்தை, ஓட்டத்துல நான் தோத்துட்டேன். ரெண்டு தடவையும் தோத்துட்டேன். நான் விட்டுக் கொடுக்கல. விட்டுக் கொடுத்தேன்னு பொய் சொன்னேன். நீ எனக்குக் கீழன்னும் சொன்னேன். அதனாலதான் போயிட்டா."

எனக்கு உசுரே போயிருச்சு. அடிக்கப் போறாங்கன்னுதான் நினைச்சேன். சோமாரி எந்திரிச்சுது. குனிஞ்சு இவ முகத்துக்கு நேரா வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டுச்சு. "எங்க?"

இவ ஓடைப் பக்கம் கையைக் காட்டினா. அவ்வளவுதான். இவ கையைப் பிடிச்சுக்கிட்டு அது நடக்க ஆரம்பிச்சுருச்சு. ஆம்பளைங்க ஒருத்தர்கூட இல்ல. பொம்பளைங்க வீட்டுக்குள்ள புகுந்து தட்டு, கரண்டி, குடம், கிடைச்சதை எடுத்துக்கிட்டாங்க. என் வீட்டுச் சமையல்கட்டுல இருந்துதான். நானும் ஓடினேன். செருப்பு ஒண்ணு எங்கயோ கழண்டு போச்சு.

மெதுவாப் போகச் சொல்லுங்க இந்த டிரைவரை. வளைவுல ஹாரன்கூட அடிக்க மாட்டேங்கிறான்.

தேயிலைக்குள்ள எறங்கிற பாதை ஒருத்தர்தான் நடக்கலாம். ரெண்டு பக்கமும் செடி இடுப்பளவு. டார்ச் அடிச்சா வெளிச்சம் பனியில மோதி நம்ம முகத்துக்கே திரும்புது. செடிக்குள்ள என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? நான் ஒவ்வொரு செடியையும் பார்த்துட்டே போறேன், பார்க்கவும் பயம், பார்க்காம இருக்கவும் பயம். எங்கயோ மிளாமான் ஒண்ணு கத்துச்சு. அந்தக் கத்தல் உங்களுக்குத் தெரியாது. எஸ்டேட்காரங்களுக்குத் தெரியும். எல்லாப் பொம்பளைங்களும் அப்படியே நின்னுட்டாங்க. மிளா சும்மா கத்தாது, பக்கத்துல புலி இருந்தாத்தான் கத்தும்.

பம்ப் ரூம் தெரிஞ்சுது. இருட்டா ஒரு பெட்டி மாதிரி. சோமாரி கூப்பிடறதுக்கு வாயைத் திறந்துச்சு. அப்பதான் ஒரு பொம்பளை டார்ச்சைத் தூக்கினா.

பம்ப் ரூமுக்குப் பின்னால மேட்டுல ரெண்டு கண்ணு.

டீச்சர், நான் கோயில்ல நின்னு சொல்ற மாதிரி சொல்றேன். அது எங்களைப் பார்க்கவே இல்ல. அந்தத் தகரக் கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்துச்சு. வீட்டுப் பூனை அடுப்படியில உட்கார்ந்திருக்குமே, அப்படி. அவசரமே இல்லாம. அப்புறம்தான் தலையைத் திருப்பிச்சு.

யாரு முதல்ல தட்டைத் தட்டினாங்கன்னு தெரியாது. எல்லாரும் தட்டினாங்க, கத்தினாங்க, அழுதாங்க. சோமாரி மட்டும் தட்டல. அது நேத்ராவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இன்னொரு கையால அவ தலையைத் தன் கழுத்துல அமுக்கிக்கிட்டு நிக்குது. தன் பிள்ளை உள்ள இருக்கு, இடுப்புல என் பிள்ளை. நான் அங்க போயிருக்கணும், வாங்கியிருக்கணும். கால் வரல. புலி எந்திரிச்சு, சோம்பல் முறிச்சு, மேட்டுக்கு அந்தப் பக்கம் எறங்கிப் போச்சு. போன பிறகும் அங்க இருக்கிற மாதிரியே இருந்துச்சு.

கதவு உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. பெத்தவ கூப்பிடறா, அவங்க பாஷையில என்னென்னமோ சொல்லிக் கூப்பிடறா, உள்ள இருந்து சத்தமே இல்ல. கதவுல கன்னத்தை வச்சு அழுவுது சோமாரி. ஒருத்தி கல்லை எடுத்து இடிச்சா. இடிக்கிற சத்தத்துல உள்ள பிள்ளை "ஈ"ன்னு ஒரு சத்தம். உசுரு இருக்கு. ஆனா திறக்க மாட்டேங்குது. எவ்வளவு நேரமா அந்தக் கதவுக்கு வெளிய புலி மூச்சு விடறதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்துச்சோ பாவம். கதவுக்கு வெளிய யாரு இருந்தாலும் அதுக்குப் புலிதான்.

நேத்ரா எறங்கினா. கதவுக்குக் கீழ ஒரு கை நுழையற அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்தச் சேத்துல குப்புறப் படுத்துட்டா. வாயைத் தரையில வச்சுப் பேசறா.

"பூமணி. நான்தான். புலி போயிருச்சு."

சத்தமில்ல.

"பூமணி, நீதான் ஃபர்ஸ்ட். நான் விட்டுக் கொடுக்கல. நான் முழுசாத்தான் ஓடினேன். நிஜமாவே முழுசா ஓடினேன். நீ ஜெயிச்சுட்ட."

இவ மூக்கை உறிஞ்சிக்கிட்டுச் சொன்னா, "நான் உனக்குப் பின்னாலதான் வந்தேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து, எலிக்குஞ்சு மாதிரி ஒரு குரல். "எவ்வளவு பின்னால?"

"ரொம்பப் பின்னால."

தாழ்ப்பாள் கிறீச்சுன்னுச்சு. துருப்பிடிச்சது, ஒரே இழுவையில வரல. இழுத்து இழுத்துத் திறந்துச்சு. சோமாரி உள்ள பாய்ஞ்சு அள்ளிக்குச்சு.

அந்த நேரத்துல அது ஒரு கேள்வியா சொல்லுங்க. புலி வாயில இருந்து தப்பிச்சிருக்கு, எவ்வளவு பின்னாலன்னு கேக்குது. பிள்ளைங்க பிள்ளைங்கதான்.

அப்புறம் ஒண்ணும் பெருசா நடக்கல. பூமணிக்கு நாலஞ்சு நாள் காய்ச்சல். யாரும் எங்க மேல பழி போடல. பூமணியோட அப்பா வந்து நேத்ரா தலையில கையை வச்சுட்டுப் போனார். எங்க வீட்டுக்காரர்தான் கொஞ்ச நாள் என்கூடப் பேசாம இருந்தார். பனியில அலைஞ்ச அசதி. ஒருநாள் சாப்பிடும்போது, "நீ எவ்வளவு நேரம் அந்த ரூமுக்குள்ள உட்கார்ந்திருந்த?"ன்னு கேட்டார். போன் பண்ணிட்டு இருந்தேன்னு சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

ஆனா ஒண்ணு டீச்சர். அன்னைக்கு அத்தனை பேர் முன்னால அவ போய்த் தோத்துட்டேன்னு சொன்னா பாருங்க, அது நான் சொல்லிக் கொடுத்ததுதான். தினமும் காலையில சத்தமாச் சொல்ல வச்சேன்ல, அது வீண் போகல. லில்லி டீச்சர்கிட்ட இதைச் சொன்னேன். அவங்க என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. அவங்களால மறுத்துச் சொல்ல முடியாதுல்ல.

இப்பதான் எனக்கு வேற பயம் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் உங்ககிட்ட இவ்வளவும் சொல்றேன். காலையில அதைச் சொல்லுன்னா இப்ப மாட்டேங்கிறா. "வேண்டாம்மா"ங்கிறா, அவ்வளவுதான். போன பரீட்சையில மூணாவது வந்தா. என்னடின்னு கேட்டா, பூமணி ரெண்டாவதும்மான்னு சிரிக்கிறா. நான் என்ன கேக்கிறேன், இவ என்ன சொல்றா பாருங்க. கிளாஸ்ல கேள்வி கேட்டா எந்திரிச்சு நின்னு, "எனக்குத் தெரியல"ன்னு சொல்றாளாம். என் பிள்ளை. தெரியலைன்னு. இதுவரைக்கும் அந்த வார்த்தை அவ வாயில வந்ததில்ல. அந்த இருட்டுல ஏதாவது மனசுல பட்டுருச்சோ, பயந்து போய் உள்ள ஒடுங்கிட்டாளோன்னு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிச்சுக்கூடப் பார்த்தேன். மந்திரிச்சவர், பிள்ளை நல்லா இருக்கு, நீ உட்காருன்னு என்னை உட்கார வச்சு மந்திரிச்சு விட்டார்.

போன ஞாயித்துக்கிழமை அவளைத் தேடிட்டு லைன் வீட்டுக்குப் போனேன். தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல பத்துப் பதினைஞ்சு பிள்ளைங்க, பொம்பளைங்க, நடுவுல இவ. பூமணி அவங்க பாஷையைச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கு. இவ சோமாரியைப் பார்த்து, சாப்பிட்டாச்சான்னு அவங்க பாஷையில கேக்கணும். எழுந்து நின்னு கேட்டா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. சோறு உன்னைத் தின்னுருச்சான்னு வந்துருச்சாம். பூமணி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருளுது.

அத்தனை பேர் என் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. முகம் சுருங்கப் போகுது, ஓ-ன்னு அழுதுட்டு ஓடி வரப் போகுதுன்னு கையை நீட்டிட்டே நிக்கிறேன்.

அவளும் சிரிக்கிறா டீச்சர். எல்லாரையும்விட அதிகமா. சிரிச்சு முடிச்சுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பூமணி பக்கத்துல இன்னும் நெருக்கி உட்கார்ந்து, "இன்னொரு தடவை சொல்லு"ன்னு அது வாயையே பார்க்கிறா. என்னை ரெண்டு பேரும் பார்க்கவே இல்ல. நான் கூப்பிடலாமான்னு பார்த்தேன். கூப்பிடல. குழாய்ல குடம் நிறைஞ்சு வழிஞ்சுட்டு இருந்துச்சு, குழாயை மட்டும் மூடிட்டு வந்துட்டேன்.

ஏன் கூப்பிடலேன்னு எனக்கே தெரியல.